காலந்தவறாத கட்டளைச் சுற்று

1960-களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மோட்டார்க் கார்களுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டிகளைச் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமாட்டிக் பிரிவில், யந்திரங்களை ஆட்டுவித்தது ரிலே என்னும் சிறியதொரு மின்காந்தக் கருவி. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு அசைவதால் சில தொடுமுனைகள் சேரும், சில பிரியும். ரிலேயின் சக்தி அவ்வளவே. ஆனால் இந்த எளிய பொருளை நூற்றுக்கணக்கில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி, ஒன்றன் தொடுமுனையை மற்றொன்றின் சுருளோடு கம்பியால் பிணைத்துவிட்டால், பாதுகாப்புக் கதவு மூடியிருந்து, எண்ணெயின் அழுத்தம் போதிய அளவு ஏறியிருந்து, முந்திய துளையும் போட்டு முடிந்திருந்தாலொழிய அடுத்த துளைக்கருவி இறங்கலாகாது என்பது போன்ற நிபந்தனைகளையெல்லாம், மனிதர் அருகில் நின்று கவனிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், அந்தப் பெட்டி நிறைவேற்றிவிடும்.

இதில் வந்த சங்கடம் யாதெனில், யந்திரத்தின் அறிவு முழுவதும் கம்பிகளிலேயே குடியிருந்தது. காரின் மாதிரி மாறும்போதெல்லாம் கியர்ப்பெட்டியும் மாற, கியர்ப்பெட்டி மாற யந்திரத்தின் வேலை வரிசையும் மாற, வேலை வரிசை மாறியதும் அந்தப் பெட்டிகளின் கம்பிகளை எல்லாம் கழற்றி மறுபடியும் பிணைக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டுப் புதியதொன்றைச் செய்துகொள்வது சில சமயங்களில் லாபகரமாகவும் இருந்தது. ரிலேயின் தொடுமுனைகளோ தேய்வன, கருகுவன, தூசி படிவன. நூற்றுக்கணக்கான ரிலேக்களில் எந்த ஒன்று ஏமாற்றுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் மணிக்கணக்கில் நிற்பார். அதுவரையில் உற்பத்தியும் நிற்கும்.

1968-இல் அந்தப் பிரிவின் பொறியாளர்கள் தங்களுக்கு வேண்டியது இன்னதென்று எழுதிக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் குறிப்பை இன்று படிக்கும்போது, கணக்குப் போடும் வேகத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை என்பதே என் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. தொழிற்சாலையிலேயே எளிதில் நிரலை எழுதவும் திருத்தவும் முடியவேண்டும். பழுதான பகுதியைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகும்படி இருக்கவேண்டும். ஆலையின் சூட்டையும் அழுக்கையும் அதிர்ச்சியையும் ரிலேயைவிட நன்றாகத் தாங்கவேண்டும். பெட்டி சிறுக்கவேண்டும், விலையும் ரிலேயோடு போட்டியிட வேண்டும். 115 வோல்ட் மின்சாரத்தை நேராக ஏற்று, வால்வுகளையும் மோட்டார் ஸ்டார்ட்டர்களையும் இயக்கத்தக்க 2 ஆம்பியர் மின்சாரத்தையாவது நேராகத் தரவேண்டும். நினைவகத்தை 4 ஆயிரம் சொற்கள் வரையிலாவது விரிக்க இடம் இருக்கவேண்டும். அக்காலத்துக் கம்ப்யூட்டர் குளிர்சாதன அறைக்குள் நிபுணர்கள் சூழ வீற்றிருந்த பொருள். இவர்கள் விரும்பியதோ எண்ணெய்ப் பிசுக்கின் நடுவே, எலக்ட்ரீஷியனின் கைக்கெட்டும் தூரத்தில் நின்று உழைக்கும் கருவி.

அந்த அழைப்புக்குப் பல கம்பெனிகள் செவிசாய்த்தன. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி பி.டி.பி.-14 என்ற கருவியைச் செய்தது. ஆனால் அதன் நிரல், கம்பிகளைப் பின்னி அமைத்த நினைவகத்தில் இருந்தபடியால், அதை மாற்ற விரும்பினால் மறுபடியும் பின்னியாகவேண்டும். மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபர்ட் நகரில் டிக் மார்லி என்பவரும் அவர் தோழர்களும் நடத்திவந்த பெட்ஃபர்ட் அசோசியேட்ஸ் என்னும் சிறு நிறுவனம் வேறு வழியில் யோசித்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிது புதிதாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்து சலித்துப்போயிருந்த மார்லி, எல்லோருக்கும் ஒரே கருவியும் அவரவர்க்கு வேண்டிய நிரலும் என்னும் திட்டத்தை 1968-ஆம் ஆண்டின் ஜனவரி முதல் தேதியன்று காகிதத்தில் எழுதி வைத்தார். நிறுவனத்தின் 84-ஆவது வேலை என்பதால் 084 என்ற எண்ணைத் தாங்கி, மோடிகான் என்ற பெயரோடு அது 1969-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. தூசியை உள்ளே இழுக்கும் என்பதனால் அதில் காற்றாடியே கிடையாது. பெட்டி கெட்டியாக மூடப்பட்டிருந்தது. சூடு உலோக உடலின் வழியாகவே வெளியேறியது. ஏறத்தாழ அதே காலத்தில், ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஓடோ ஸ்ட்ரூகர், ஆலன்-பிராட்லி கம்பெனியில் இத்தகைய கருவிகளை வளர்த்தெடுத்தார். பி.எல்.சி. என்று இன்று உலகெங்கும் ஆலைகளில் வழங்கும் கருவியின் பிறப்பு இவ்வாறு நிகழ்ந்தது.

அதன் நடுநாயகமாக இருப்பது, தொழிலாளர் சி.பி.யூ. என்றே அழைக்கும் பிராசஸர் மாட்யூல். அது என்ன செய்கிறது என்பதை அறிய, ஆலையில் நாள்தோறும் நடக்கும் மிகச் சாதாரணமான காரியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரு மோட்டாரை ஓட்டி நிறுத்துவது. பச்சை நிற ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடவேண்டும். விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சிவப்பு நிற ஸ்டாப் பட்டனை அழுத்தினால் நிற்கவேண்டும். ரிலே முறையில், ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக, மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துவிடும் காண்டாக்டர் என்னும் பெரிய ரிலே இழுபட்டதும் சேரும் ஒரு துணைத் தொடுமுனையை இணைப்பார்கள். பட்டனை அழுத்தியதும் காண்டாக்டர் இழுபடும். அதன் துணைத் தொடுமுனை சேரும். விரலை எடுத்த பின்பும் அந்தத் தொடுமுனையின் வழியாகவே மின்சாரம் பாய்ந்து, காண்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். இதைத் தாளில் வரையும்போது மின்சாரம் வரும் கம்பியை இடப்பக்கத்தில் செங்குத்தான கோடாகவும், திரும்பும் கம்பியை வலப்பக்கத்தில் மற்றொரு கோடாகவும் போட்டு, இடையே படிபடியாகத் தொடுமுனைகளையும் சுருள்களையும் வரைவது எலக்ட்ரீஷியன்களின் நெடுநாளைய வழக்கம். லேடர் என்னும் இந்த ஏணிப் படத்தையே மார்லியின் கூட்டத்தார் நிரலின் பாஷையாகவும் ஏற்றுக்கொண்டார்கள். அந்நாளைய கம்ப்யூட்டர் மொழி எதையும் அவர்கள் தொழிலாளியின் தலையில் சுமத்தவில்லை. அவர் அறிந்திருந்த படத்தைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும்படி செய்தார்கள். இந்தக் கருவியின் வரலாற்றில் இதைக் காட்டிலும் பெரிய காரியம் வேறொன்றும் நடக்கவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். 1993-இல் சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு இக்கருவிகளுக்கென ஐந்து மொழிகளை வரையறுத்தபோதும் அவற்றில் ஒன்றாக லேடர் இடம்பெற்றது.

ஸ்டாப் பட்டனிடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். அது அழுத்தினால் மின்சாரம் வரும்படி அமைந்த பட்டன் அன்று. அழுத்தாதபோது மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்து, அழுத்தினால் அறுபடும்படி அமைந்தது. ஏனெனில் அந்தக் கம்பியை ஓர் எலி கடித்தாலும், ஆணி கழன்று அது விலகினாலும், மின்சாரம் அறுபட்டு மோட்டார் நின்றுவிடும். எதிர்மாறாக அமைத்திருந்தால், கம்பி அறுந்ததை அறியாத தொழிலாளி ஆபத்து வேளையில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். பிராசஸருக்கு இதை நிரலாக எழுதும்போது, புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேதான் தடுமாறுகிறார்கள். ரிலேப் படத்தில் ஸ்டாப் பட்டனை மூடிய தொடுமுனையாக வரைந்தோமே என்று நிரலிலும் மூடிய தொடுமுனையின் சின்னத்தையே போட்டால், மோட்டார் ஓடவே ஓடாது. நிரலில் உள்ள சின்னம் பட்டனின் உருவத்தைக் காட்டுவதன்று. உள்ளே மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று பிராசஸர் கேட்கும் கேள்வி அது. அழுத்தப்படாத ஸ்டாப் பட்டனிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. ஆதலால் ‘மின்சாரம் இருக்கிறதா?’ என்னும் கேள்வியைக் குறிக்கும் திறந்த தொடுமுனைச் சின்னமே அவ்விடத்துக்கு உரியது. இவ்வளவெல்லாம் செய்த பிறகும், கை சிக்கிக்கொண்டால் அழுத்த வேண்டிய அவசர நிறுத்தப் பட்டனை, சாதாரணப் பிராசஸரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், நேரடியான கம்பிகளாலோ அதற்கென்றே சான்று பெற்ற பாதுகாப்புக் கருவிகளாலோ அமைப்பது தொழிலறிந்தோர் கைவிடாத நியமம்.

இனி, பிராசஸர் தன் வேலையைச் செய்யும் விதம். ரிலேப் பெட்டியில் எல்லா ரிலேக்களும் ஏககாலத்தில் இயங்கின. பிராசஸரோ ஒரு க்ஷணத்தில் ஒரு கட்டளையைத்தான் நிறைவேற்ற வல்லது. நிரலின் முதற் படியைப் பார்க்கும்போது மூடியிருந்த கதவு, நூறாவது படிக்கு வருவதற்குள் திறந்துவிட்டால், ஒரே சுற்றில் கதவு மூடியிருக்கிறதென்றும் திறந்திருக்கிறதென்றும் இருவேறு முடிவுகள் பிறந்து, யந்திரம் குழம்பிப்போகும். இதைத் தவிர்ப்பதற்குக் கைக்கொண்ட உபாயம் மிகவும் அழகானது. சுற்றின் தொடக்கத்தில், எல்லா உள்ளீடுகளின் நிலையையும் பிராசஸர் ஒரே மூச்சில் படித்துத் தன் நினைவகத்தில் ஒரு பிரதியாக எழுதிக்கொள்கிறது. பிறகு நிரலை முதற் படியிலிருந்து கடைசிப் படிவரை அந்தப் பிரதியை மட்டுமே நம்பி நிறைவேற்றுகிறது. கண்ட முடிவுகளையும் உடனுக்குடன் வெளியே அனுப்பாமல் மற்றொரு பிரதியில் எழுதி வைத்து, நிரல் முடிந்த பிறகே மொத்தமாக வெளியீடுகளுக்கு அனுப்புகிறது. அப்பால் தன் உடம்பைத் தானே கொஞ்சம் சோதித்துக்கொண்டு, செய்தி கேட்கும் மற்றக் கருவிகளுக்கு விடை சொல்லிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. வருஷ முடிவில் இருப்புக் கணக்கெடுக்கும் கடைக்காரர், எண்ணி முடியும்வரையில் கதவைச் சாத்திவைத்து, சரக்கு உள்ளே வராமலும் வெளியே போகாமலும் பார்த்துக்கொள்வதைப் போன்றதே இது. ஆனால் பிராசஸர் கதவைச் சாத்துவது ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்கே இருக்கலாம். இந்தச் சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். ஆலை ஓடும் காலமெல்லாம், இரவென்றும் பகலென்றும் பாராமல், இது ஓய்வின்றி நிகழ்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த முறையின் விளைவுகளை அறியாதவர் நல்ல நிரல் எழுதமுடியாது. ஒரே வெளியீட்டுச் சுருளை இரண்டு படிகளில் எழுதிவிட்டால், முதற் படி அதை இயக்கென்று சொல்லியிருந்தாலும், பின்னால் வரும் படி நிறுத்தென்று சொல்லிவிட்டால், வெளியே போய்ச் சேருவது பின்னது மட்டுமே; முன்னது சொன்னதற்கு அடையாளமே இராது. இரண்டாவது, சுற்றைவிடச் சீக்கிரமாக வந்து போகும் நிகழ்ச்சி பிராசஸரின் பார்வைக்கே தப்பிவிடும். வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் கன்வேயரில் 1 சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் ஒரு சென்சாரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 5 மில்லி செகண்டு; சுற்றுக்கு 10 மில்லி செகண்டு ஆகுமானால், சில பொருள்கள் எண்ணப்படும், சில எண்ணப்படாமலே போகும். அதற்கென்று, பிராசஸரின் சுற்றுக்குக் காத்திராமல் தானே எண்ணி வைத்துக்கொள்ளும் அதிவேக எண்ணிகளைத் தனி மாட்யூல்களாகச் செருகுவார்கள்.

வேகத்தைக் குறைகூறுவது என் கருத்தன்று. ஆனால் இக்கருவியின் மேன்மை வேகத்தில் இல்லை. நம் மேசை மேலுள்ள கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் சில சமயம் இமைப்பொழுதில் முடிக்கும். வேறு சில சமயம், என்ன காரணமென்று தெரியாமல், சிறிது நேரம் யோசித்துக்கொண்டு நிற்கும். அதை நாமும் பொறுத்துக்கொள்கிறோம். இறங்கிக்கொண்டிருக்கும் அச்சு யந்திரத்தின் முன்னால் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. பத்து மில்லி செகண்டில் முடியும் சுற்று நாளையும் அதே அளவில் முடியும், ஒருபோதும் இன்ன எல்லையைத் தாண்டாது என்னும் உறுதியே பிராசஸர் தரும் பொருள். அதற்காகவே ஆலைகள் அதற்கு விலை கொடுக்கின்றன. அந்த உறுதியைக் காப்பதற்கு, உள்ளேயே வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது அது முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். குறித்த நேரத்துக்குள் சுற்று முடியாமற் போனால், நிரல் எங்கோ சிக்கிக்கொண்டதென்று அது தீர்மானிக்கும். சீமென்ஸ் கம்பெனியின் எஸ்7-300 வகையில் அந்த எல்லை, யாரும் மாற்றாதிருந்தால், 150 மில்லி செகண்டு. எல்லை கடந்ததும், அதற்கு வேறு ஏற்பாடு நிரலில் இல்லையென்றால், பிராசஸர் ‘ஸ்டாப்’ நிலைக்குப் போய்விடும். வெளியீடுகள் பொதுவாக அணைந்துவிடும். ஆகையால் மின்சாரம் அற்றுப்போன நிலையே பத்திரமான நிலையாக அமையும்படி, வால்வுகளையும் பிரேக்குகளையும் முன்கூட்டியே பொருத்தி வைக்கவேண்டும். மின்சாரம் இருந்தால் விடுவித்து, அறுந்தால் இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கே கிரேன்களில் பயன்படுவது இதனாலேதான்.

பிராசஸர் மாட்யூலின் உருவம் கவர்ச்சியாக ஒன்றும் இராது. ராக் என்னும் சட்டத்தில், மின்சாரம் தரும் பகுதிக்குப் பக்கத்தில், புத்தகம் போலச் செருகப்பட்டிருக்கும். முகப்பில் ஓட்டத்தையும் பழுதையும் காட்டும் சில சிறு விளக்குகள், செய்திக் கம்பிகளுக்கான இணைப்புகள். பழைய வகைகள் பலவற்றில், மின்சாரம் போனாலும் நிரல் அழியாமல் காக்க ஒரு சிறு லித்தியம் பாட்டரி உண்டு. அது தளர்ந்துவிட்டதென்று காட்டும் விளக்கை அலட்சியம் செய்துவிட்டு, விடுமுறைக்கு ஆலையின் மின்சாரத்தை நிறுத்தினால், திரும்பி வரும்போது பிராசஸர் தான் கற்றதையெல்லாம் மறந்திருக்கும். அந்தப் பாட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்றவேண்டும் என்பது பராமரிப்புக்காரர்களின் பாலபாடம்.

ஒரு பிராசஸர் நின்றால் ஆலையே நிற்கும் என்னும் இடங்களில், இரண்டு பிராசஸர்களை வைத்து, ஒன்று இயக்க மற்றொன்று அதே தகவல்களோடு ஆயத்தமாகக் காத்திருக்கும்படி செய்கிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பாதுகாப்பு அமைப்பைப் போல உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் இதுவும் போதாது. ஏனெனில் இரண்டும் வேறுபட்டால் எது சொல்வது சரி என்று யார் தீர்ப்பது? டிரைகானெக்ஸ் கம்பெனியின் டிரைகான் அமைப்பில் மூன்று பிராசஸர்கள் ஒரே நிரலைத் தனித்தனியே நிறைவேற்றி, சுற்றுதோறும் தம்முள் ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பான்மையோரின் முடிவையே மேற்கொள்கின்றன.

பிராசஸர் தன் பிரதியை நம்புகிறது என்று முன்னர்ச் சொன்னேன். அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், ஈரானின் நதான்ஸ் நகரத்து யுரேனியம் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்தது. அது எஸ்7-315 பிராசஸர்களுக்குள் புகுந்து, சுழலும் மையவிலக்கிகளின் மோட்டார்களை, வழக்கமான 1,064 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலிருந்து ஒரு சமயம் 1,410-க்கு ஏற்றியும் மற்றொரு சமயம் 2-க்கு இறக்கியும் சிதைக்க முயன்றது. எஸ்7-417 பிராசஸருக்காக எழுதிய பகுதி இன்னும் நுட்பமானது: ஆலை ஒழுங்காக ஓடும்போது 21 வினாடி நேரத்து உள்ளீடுகளைப் பதிவு செய்துவைத்து, தாக்குதல் நடக்கும் வேளையில் அந்தப் பழைய பதிவையே திரும்பத் திரும்ப உள்ளீட்டுப் பிரதியில் எழுதிக்கொண்டிருந்தது. முறையான நிரல் தன் கடமையில் ஒரு படியும் தவறாமல் சுற்றுக்குச் சுற்று ஓடிற்று. ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்தது நேற்றைய உலகத்தை. மார்லியின் காலத்தில் இப்படியொரு விபரீதத்தை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். பிராசஸருக்கு நிரல் எழுத விரும்புபவர் அன்று பெட்டிக்கு நேரே வந்து நின்றாகவேண்டும்.

2017-இல் சவூதி அரேபியாவின் பெட்ரோ-கெமிக்கல் ஆலை ஒன்றில் நேர்ந்தது இதனினும் கொடியது. டிரைட்டன் என்று பின்னர்ப் பெயரிடப்பட்ட தீநிரல், உற்பத்தி யந்திரங்களை விட்டுவிட்டு, விபத்தைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த டிரைகானெக்ஸ் பாதுகாப்புப் பிராசஸர்களின் நினைவகத்திலேயே கைவைத்தது. அங்கேதான் மூன்று பிராசஸர்களின் பரஸ்பரச் சோதனை பயன்பட்டது. தீநிரலைப் புகுத்தும்போது நேர்ந்த பிசகால் அவற்றின் ஒப்பீடு தோல்வியுற, அமைப்பு தான் கற்றபடி ஆலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டது. ஆலை ஏன் நின்றது என்று ஆராயப் புகுந்தவர்களே தீநிரலைக் கண்டுபிடித்தார்கள். அந்த அமைப்பின் முகப்பில், இத்தகைய கருவிகள் பலவற்றிலும் இருப்பது போல, கையால் திருப்பும் சாவி ஒன்று உண்டு: ‘ரன்’ நிலையில் நிரலை மாற்ற இயலாது, ‘புரோகிராம்’ நிலையில் இயலும். நிரல் எழுதும் வேலை முடிந்ததும் சாவியை ‘ரன்’ நிலைக்குத் திருப்பி, உருவி எடுத்து, பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அக்கருவியைச் செய்தவர்கள் வகுத்த விதி. அந்த ஆலையில் அது ‘புரோகிராம்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அன்று யாரேனும் அந்தச் சாவியைத் திருப்பி எடுத்திருந்தால், தொலைவிலிருந்து வந்த நிரலை அந்தப் பிராசஸர்கள் ஏற்க மறுத்திருக்கும்.